தேஜா ராய்க்காவின் இருபத்தேழு ஒட்டகங்கள்

கோமாராம் ராய்க்காவின் வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், சம்பந்திகள் சாப்பிட்டுக் கைகழுவி பீடி பற்றவைக்கும் நேரத்தில் ஒரு தகரக் குழாய் வெளியே வரும். குழாய்க்குள் சுருட்டி வைத்த ஒரு பழுப்புக் காகிதம். அதன் அடியில் கேஜட்கட் சமஸ்தானத்தின் முத்திரை, உள்ளங்கை அகலத்துக்கு.

"நிலம் இருக்கா, நகை இருக்கான்னு கேக்காதீங்க. சர்க்காரே எங்களுக்குக் கடன்பட்டிருக்கு. இந்த ஜில்லாவுல வேற யாராவது இப்படிச் சொல்ல முடியுமா?" என்பார் கோமாராம்.

சம்பந்திகள் காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பயபக்தியோடு திருப்பிக் கொடுப்பார்கள். பழைய மார்வாடி எழுத்து. செலாவாஸ் கிராமத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கோமாராமுடைய தாத்தாவின் தாத்தா தேஜா ராய்க்கா. நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்னால் காபூலில் சண்டை நடந்தபோது, வெள்ளைக்காரன் கேட்டான் என்று கேஜட்கட் ராஜா அவரிடமிருந்து இருபத்தேழு ஒட்டகங்களை வாங்கிக்கொண்டார். திரும்பி வருவது திருப்பித் தரப்படும், வராததற்குத் தலைக்கு நாற்பது ரூபாய் தரப்படும் என்று பேச்சு. ஒட்டகமும் வரவில்லை, ரூபாயும் வரவில்லை.

யாரும் போய்க் கேட்டதும் இல்லை. கேட்கவேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதே கிடையாது. கடனை வசூலித்துவிட்டால் கல்யாணத்தில் சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும்?

அப்படியே போயிருக்கும், கேசரும் தோலியும் மட்டும் ராணிப் புல்வெளியில் வேலியைத் தாண்டாமல் இருந்திருந்தால்.

கேசர், தோலி என்பவை கோமாராமின் இரண்டு பெண் ஒட்டகங்கள். அவருடைய பத்தொன்பது ஒட்டகங்களில் இவை இரண்டும்தான் தலைவிகள். இவை போகும் பக்கம் மற்றவை போகும். ஊருக்குக் கிழக்கே இருக்கிற ராணிப் புல்வெளியில் வனத்துறை பத்து வருஷம் முன்பு வேலி போட்டது; போன வருஷம் உள்ளே ஒரு பகுதியில் வேப்பங்கன்று நட்டிருந்தது. வேலி ஓர் இடத்தில் சாய்ந்து கிடந்தது. அன்று காலை கேசர் முன்னே போனது, தோலி பின்னே போனது. வனக்காவலர் வந்து பார்த்தபோது நூற்று நாற்பது கன்றுகள் இரண்டு வயிறுகளுக்குள் போயிருந்தன. மற்ற பதினேழையும் கால் கட்டி விட்டுவிட்டு, கோமாராம் எதிர்ப்பக்கம் ஒரு கேஜ்டி மர நிழலில் கண்ணயர்ந்திருந்தார். மேய்ந்த இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய் ராணிகேடா பட்டியில் அடைத்துவிட்டார்கள். நாலாயிரத்து இருநூறு ரூபாய் அபராதம். பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் ஏலம்.

அபராதச் சீட்டை வாசித்துச் சொன்னது அவருடைய மனைவி ஹன்சி. நாற்பது வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றவள். அந்த வகுப்புக்குப் போன பதினோரு பெண்களில் கடைசிவரைக்கும் நின்றவள் அவள் ஒருத்திதான். அதிலிருந்து தீப்பெட்டி மேல் இருப்பதைக்கூட விடாமல் வாசிப்பாள்.

"தாமதமானா வட்டி வேற உண்டாம்," என்றாள்.

"யாருக்கு யார் வட்டி கட்டறது?" என்று எழுந்தார் கோமாராம். சிவப்புத் தலைப்பாகையைப் புதிதாகச் சுற்றினார். "அந்தக் குழாயை எடு."

"எதுக்கு?"

"எனக்கு வரவேண்டியது அவங்ககிட்ட நூத்து முப்பது வருஷமா கெடக்கு. அதுல கழிச்சுக்கச் சொல்லப்போறேன்."

ஹன்சி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழாயை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தானும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நீங்க தனியாப் போனா பட்டியில மூணாவது ஆளா உங்களையும் அடைப்பாங்க. நானும் வரேன்."

ராணிகேடா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர் மோகன்லால் புரோஹித். ஒல்லியான மனிதர், காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. கோமாராம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. தேநீர் கொண்டுவந்தவர்கூட டம்ளர்களை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"காகா, காபூல் ராஜாகிட்டப் போய்க் கேளுங்க," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"காபூல்காரன் எங்க ஒட்டகத்தை வாங்கலையே. உங்க ஆளுதான் வாங்கினான்."

புரோஹித்தும் சிரித்துக்கொண்டேதான் காகிதத்தை வாங்கினார். விரித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடி வைத்தார். அவருடைய அப்பா கேஜட்கட் சமஸ்தானத்தில் ஏடு எழுதியவர். இந்த எழுத்தைப் புரோஹித்துக்குப் பிரம்படி கொடுத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். நாற்பது வருஷமாக அது எதற்கும் உதவவில்லை.

"உண்மைதான். 'செலாவாஸ் தேஜா ராய்க்காவிடமிருந்து இருபத்தேழு உருப்படி.' சீல் போட்டிருக்கு. திவான் கையெழுத்து இருக்கு." அவர் நிமிர்ந்து ஆபீசைப் பார்த்தார். "சிரிக்கிறவங்க எழுந்து வந்து பாருங்க. இது பக்கா ரசீது."

"அப்ப என் கேசரையும் தோலியையும் விடுங்க, பாபுஜி."

"அது எப்படி? வாயால சொன்னா நடக்குமா? மனு எழுதிக் குடுங்க. மனுன்னு ஒண்ணு வந்தா சர்க்கார் பதில் சொல்லித்தான் ஆகணும். பதில் வர்றவரைக்கும் ஏலம் போடாம நான் பாத்துக்கறேன்."

புரோஹித் ரசீதை எல்லோரும் படிக்கிற எழுத்தில் ஒரு தாளில் பெயர்த்து எழுதிக் கொடுத்தார். மனுவை ஹன்சி எழுதினாள், ஆபீஸ் வாசலில் இருந்த சிமென்டு மேடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக. கோமாராம் அருகில் நின்று சொன்னார்.

"பணம் வேண்டாம்னு எழுது. ஒட்டகமாவே குடுங்கன்னு எழுது. இருபத்தேழு பெண் ஒட்டகம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு குட்டின்னு வெச்சுக்கோ. அந்தக் குட்டிக்குக் குட்டி. நூத்து முப்பது வருஷம்."

ஹன்சி எழுதுவதை நிறுத்தினாள். "கணக்கு எவ்வளவு வருது?"

கோமாராம் மணலில் விரலால் கோடு போட்டார். கோடு மேடையைச் சுற்றி வந்தது. கடைசியில் கையைத் தட்டி மணலை உதறினார். "அத்தனையும் குடுத்தாங்கன்னா இந்த ராஜஸ்தான்ல மனுஷன் நிக்க இடமிருக்காது. கேட்டதுக்குப் பாதி குடுத்தாப் போதும்னு எழுது."

முதல் பதில் எட்டாவது நாளே வந்தது. இந்தக் கடன் சமஸ்தானத்துடையது, ராஜாவின் வாரிசைப் பாருங்கள் என்றது.

ராஜாவின் வாரிசு கேஜட்கட் கோட்டையில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பழைய ராஜமரியாதையோடு ஹுக்கும் என்று கூப்பிடுவார்கள். அவர் கோமாராமையும் ஹன்சியையும் தோட்டத்தில் உட்காரவைத்து, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ரசீதைப் பார்த்ததும் உரக்கச் சிரித்தார்.

"கோமாராம்ஜி, எங்க தாத்தா சமஸ்தானத்தை ஒப்படைச்சப்ப வரவு, செலவு, கடன், கஜானா, மூணு யானை, எல்லாத்தையும் சேத்துத்தான் குடுத்தார். கடனையும் வாங்கிக்கிட்டோம்னு டில்லிக்காரங்க எழுதியே குடுத்திருக்காங்க. நகல் தரேன், எடுத்துட்டுப் போங்க."

"அப்ப ஹுக்கும் தரவேண்டியது ஒண்ணுமில்லையா?"

"எனக்கே அவங்ககிட்டேயிருந்து வரவேண்டியது இருக்கு. உங்க வரிசையில எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க."

அந்த நகலோடு அவர்கள் மறுபடி தாலுகா ஆபீசுக்கு வந்தார்கள். அங்கே இப்போது யாரும் சிரிக்கவில்லை. நடுவில் கோமாராம் தினமும் பட்டிக்குப் போய் கேசர், தோலி இரண்டையும் கழுத்தில் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார். பட்டிக்காவலர் தோலியின் பாலில் போட்ட தேநீருக்குப் பழகிப்போயிருந்தார். ஒட்டகங்கள் சீக்கிரம் வீடு போகவேண்டும் என்று அவர் அவ்வளவாக ஆசைப்படவில்லை.

"பழைய சமஸ்தானத்து ஏடெல்லாம் பீகானேர் ஆவணக் காப்பகத்துல இருக்கு. ரசீதுன்னு ஒண்ணு உங்க பக்கம் இருந்தா, பதிவுன்னு ஒண்ணு அவங்க பக்கம் இருக்கணும். ஞாயித்துக்கெழமை கெளம்பினா திங்கக்கெழமை காலையில வாசல்ல நிக்கலாம். நான் லீவு போடறேன்," என்றார் புரோஹித்.

"நீங்க எதுக்கு பாபுஜி லீவு போட்டு?"

"முப்பத்தாறு வருஷமா ஜாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எழுதினேன். இது மாதிரி ஒரு பைல் எங்கிட்ட வந்ததே இல்ல. விட்டுருவேனா?"

மூவரும் போனார்கள். வழியில் ஹன்சி கட்டிக்கொண்டு வந்த கம்பு ரொட்டியையும் பூண்டுச் சட்னியையும் புரோஹித் கூச்சப்பட்டுக்கொண்டே நாலு ரொட்டி அளவுக்குச் சாப்பிட்டார். காப்பகத்தில் இரண்டு நாள் தேடினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு மூட்டை வந்தது. புரோஹித் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"கெடைச்சிருச்சு. ஆனா காகா, ஒரு சின்னச் சிக்கல்." அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "இருபத்தேழும் ஆண் ஒட்டகம்னு போட்டிருக்கு."

கோமாராம் தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஏட்டை எட்டிப் பார்த்தார்.

"ஆண் ஒட்டகம் எப்பலேர்ந்து குட்டி போட ஆரம்பிச்சது, காகா?"

ஹன்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கோமாராமுக்குக் காதுமடல் சிவந்தது. சுமைக்குப் போகிறது என்றால் ஆண் ஒட்டகம்தான் போகும். ஒட்டகம் வளர்க்கிற ராய்க்கா சாதிக்காரன் பெண் ஒட்டகத்தை யாருக்கும் கொடுக்கமாட்டான். இதை அவர் பிறர்க்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள். காகிதத்தோடு நாள்முழுக்க உட்கார்ந்திருக்கிற ஒருவரிடமிருந்து இதைக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

"சரி, மேல படிங்க," என்றார்.

புரோஹித் படித்தார். ஒவ்வொரு ஒட்டகத்துக்கும் ஒரு வரி இருந்தது. "ஒன்று, ஏழு வயது, இடது காது பிளந்தது. இரண்டு, ஒன்பது வயது, நெற்றியில் வெள்ளை. மூன்று, ஐந்து வயது, கீழுதடு கோணல், அந்நியரைக் கடிக்கும்."

கோமாராம் தலையைத் தூக்கினார். "அதைத் திரும்பப் படிங்க."

"கீழுதடு கோணல், அந்நியரைக் கடிக்கும்."

"அது தோலியோட வம்சம்," என்றார் கோமாராம் மெதுவாக. "அந்த உதடு எங்க மந்தையில இன்னிக்கும் வருது. வனக்காவலர் முழங்கையில கட்டுப் போட்டிருக்காரே, கேட்டுப் பாருங்க."

புரோஹித் மேலே படித்தார். பட்டியலுக்குப் பின்னால் யாரும் அதுவரை சொல்லக் கேட்டிராத ஒன்று இருந்தது. வீட்டுக் கதையில், ராஜாவின் ஆட்கள் வாசலில் வந்து ஒட்டகங்களைப் பிடுங்கிப் போனார்கள், தேஜா அழுதபடி நின்றார் என்றுதான் சொல்வார்கள். ஏட்டில் வேறு மாதிரி இருந்தது. தேஜா ஒட்டகங்களோடு தானும் போயிருந்தார். 'ஒட்டகங்களை விட்டு இருக்க மறுத்ததால் ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டான்' என்று எழுதியிருந்தது. கந்தஹார் வரைக்கும் போனார். போலான் கணவாயின் பனியிலும் பசியிலும் ஒவ்வொன்றாக விழுந்தது. எது எந்த நாளில் விழுந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல முகாமில் எழுதி வைத்திருந்தார்கள். கடைசியாக விழுந்தது மூன்றாம் எண். பிறகு அவர் ஏழு மாதம் நடந்து செலாவாசுக்குத் திரும்பினார்.

கோமாராம் இருபத்தேழு வரிகளையும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். புரோஹித் படித்தார். ஹன்சி இப்போது சிரிக்கவில்லை. மேசை மேல் ஒரு விரலை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுவதுபோல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாள் கல்யாணத்துல இந்தக் காயிதத்தைக் காட்டிப் பெருமையடிச்சேன்," என்றார் கோமாராம். "அந்த மனுஷன் நடந்தே வந்தான்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே."

மூட்டையின் அடியில் இன்னோர் உத்தரவு இருந்தது. அதைப் படித்தபோது புரோஹித்தின் பென்சில் காதிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. திரும்பி வந்த தேஜா ராஜாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். கஜானாவில் பணம் இல்லை. அதனால் ராஜா எழுதிக்கொடுத்தது இது: 'மேற்படி தொகை கொடுத்துத் தீர்க்கப்படும் வரையில் தேஜாவின் மந்தையும் அவன் வம்சத்தாரின் மந்தையும் ராணிப் புல்வெளியில் கட்டணமின்றி மேயலாம். தடுப்பவர் தண்டிக்கப்படுவார்.'

"தொகை குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் புரோஹித், பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்பதுபோல.

"இல்ல."

"அப்ப கேசரும் தோலியும் எங்க மேஞ்சுது?"

கோமாராம் ஹன்சியைப் பார்த்தார். ஹன்சி புரோஹித்தைப் பார்த்தாள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில், காப்பகத்துப் பணியாள் எழுந்து வந்து, இது வாசிக்கிற இடம், பேசாமல் இருங்கள் என்று கண்டித்தார்.

ராணிகேடாவில் அப்போது சுதா மீணா என்று ஓர் அம்மாள் உதவி கலெக்டராக இருந்தார். பைலை முதலிலிருந்து கடைசிவரை படிப்பவர் என்று அவருக்குப் பெயர். அதற்காகவே அவரைக் கண்டு பாதிப் பேர் பயந்தார்கள். அவர் நகல்களைப் படித்தார். நில ஏட்டை வரவழைத்துப் பார்த்தார். ராஜாவின் உத்தரவு அதிலும் ஓர் ஓரக் குறிப்பாக ஏறியிருந்தது, யாரும் அதை அடித்து நீக்கவில்லை. வனத்துறை அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசினார். மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. கன்று நட்ட பகுதிக்கு வேலி இருக்கலாம், அதைச் சரியாகப் போடுவது வனத்துறையின் வேலை. மீதிப் புல்வெளி முழுவதும் தேஜா வம்சத்து மந்தைக்கு. அபராதம் ரத்து.

செலாவாசில் இருக்கிற பதினொரு ராய்க்கா வீடும் தேஜாவின் வம்சம்தான். கேசரும் தோலியும் ஊருக்குள் நுழைந்த அன்று அவற்றின் கழுத்தில் சலங்கை கட்டினார்கள். கோமாராம் தன் பங்குக்கு வனத்துறை நாற்றங்காலுக்கு இரண்டு வண்டி ஒட்டக எரு கொண்டுபோய்க் கொட்டினார். வனக்காவலர் தோலியின் வாய்க்கு எட்டாத தூரத்தில் நின்று நன்றி சொன்னார்.

மறு வருஷம் ஜெய்ப்பூரிலிருந்து தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். ஏன் இத்தனை பெரிய புல்வெளிக்குக் கட்டணம் வரவில்லை என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னதும் அவர்களுக்கு ஆச்சரியம். வெறும் ஆயிரத்து எண்பது ரூபாய்தானே? கொடுத்துத் தீர்த்துவிட்டால் புல்வெளி திரும்பிவிடுமே! உடனே உத்தரவு போட்டார்கள். ஒரு சிப்பந்தி ஆயிரத்து எண்பது ரூபாய்க்கு ஒரு காசோலையோடு செலாவாசுக்கு வந்து இறங்கினார்.

ஜீப்பைப் பார்த்ததுமே கோமாராம் பின்பக்கமாக இறங்கி மந்தைக்குள் போய்விட்டார். சிப்பந்தி வீட்டுவாசலில் நின்று கூப்பிட்டார்.

"கோமாராம்ஜி இருக்காரா? சர்க்கார் பணம் குடுத்தனுப்பியிருக்கு!"

"அவர் இல்ல," என்றாள் ஹன்சி.

"எப்ப வருவார்?"

"சர்க்காருக்கு நூத்து முப்பது வருஷம் ஆச்சு. அவருக்கும் கொஞ்சம் டைம் குடுங்க."

சிப்பந்தி விடவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை கோமாராம் ஒரு ஒட்டகத்தின் பின்னால் பதுங்கினார்; அது நகர்ந்துவிட்டது; சிவப்புத் தலைப்பாகை காட்டிக்கொடுத்தது. "கையெழுத்துப் போடுங்க காகா, எனக்கும் குழந்தைகுட்டி இருக்கு," என்று சிப்பந்தி கெஞ்சினார். கோமாராமுக்கும் பாவமாகத்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க எந்தக் கடனைச் சொல்லித் தலைநிமிர்ந்து நடந்தாரோ, அது தீர்ந்துவிடுமோ என்று இப்போது அவருக்குத் தூக்கம் கெட்டது.

அன்று ஹன்சி புரோஹித் பெயர்த்து எழுதிக் கொடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, தீப்பெட்டியைப் படிப்பதுபோல ஒரு சொல் விடாமல் படித்தாள். சிப்பந்தியைக் கூப்பிட்டு மோர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"இந்தா பாருங்க தம்பி. 'தலைக்கு நாற்பது ரூபாய், கேஜட்கட் டங்கசாலை வெள்ளி நாணயமாக.' அப்படித்தானே போட்டிருக்கு? நாங்க பணம் வேண்டாம்னு சொல்லவேயில்ல. அந்த வெள்ளி நாணயம் ஆயிரத்து எண்பது கொண்டாங்க, இப்பவே கையெழுத்துப் போடுவார்."

காசு அடிக்கிற அந்தக் கேஜட்கட் டங்கசாலையை மூடி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சிப்பந்தி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். மோரைக் குடித்து முடித்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிக் குடுங்க அம்மா," என்றார். ஹன்சி எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த மேசை புரோஹித்துடையது. ஓய்வுபெறுவதற்கு முன் அவர் கடைசியாகக் குறிப்பெழுதிய பைல் அதுதான். 'மேற்கண்ட நாணயம் கிடைக்காதபடியால் தொகை நிலுவையில் உள்ளது' என்று எழுதி, சுதா மீணாவிடம் கையெழுத்து வாங்கி, நாடாவை இறுக்கிக் கட்டினார்.

இப்போது கல்யாணங்களில் தகரக் குழாய் வெளியே வரும்போது கோமாராம் கடனைப் பற்றி ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார். பிறகு இருபத்தேழு ஒட்டகங்களையும் வரிசையாகச் சொல்கிறார், மனப்பாடமாக; விழுந்த நாளோடு. சம்பந்திகள் பீடியை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

விஷயம் பரவிவிட்டதால் செவ்வாய்க்கிழமைகளில் அக்கம்பக்கத்து ஆட்கள் தங்கள் வீட்டுப் பழைய காகிதங்களோடு கோமாராம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவர் அரண்மனைக்கு அறுநூறு பானை கொடுத்த குயவரின் பேரன். இன்னொருவரின் கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்கு ஒரு மழைக்காலம் முழுக்கச் சவரம் செய்தவர். ஓய்வுபெற்ற புரோஹித் பேருந்தில் வந்து இறங்கி, தோலியின் பாலில் தேநீர் குடித்துக்கொண்டே பழைய எழுத்தைப் படிக்கிறார். ஹன்சி மனு எழுதுகிறாள்.

"பணத்தைக் கேக்காதீங்க," என்று கோமாராம் எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறார். "பணம் இல்லாதப்ப அவன் வேற என்ன எழுதிக்குடுத்தான்னு தேடுங்க."

போன செவ்வாய்க்கிழமை குயவரின் பேரனுக்கு பீகானேரிலிருந்து நகல் வந்தது. பானைக்குப் பணமில்லாமல் ராஜா ஓர் ஏரியின் வண்டலை எழுதிக்கொடுத்திருந்தார். ஏரி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.